ரோமாபுரியில் இருக்கும் அண்ணன்

அத்தியாயம் 17

இல்லாத ஒருவரை வாரா வாரம் பேச வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் காலை, கோப்பி குடித்த கையோடு, அவரைப் பெற்றவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு.

புனிதா ஒரு வருஷமாக அதைத்தான் செய்து வருகிறாள். கைப்பேசியைக் காதில் வைப்பாள். "ஹலோ, அண்ணே" என்பாள். அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அம்மாவின் வலது காதருகே குனிந்து சத்தமாகச் சொல்லுவாள். சவேரியம்மாவுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதும் பக்கத்தில் வந்து கத்தினால்தான் வாங்கும். ஃபோனில் வரும் குரல் அதற்கு எட்டாது. அந்தச் செவிட்டுக் காதை நம்பித்தான் புனிதாவின் பொழுது ஓடிக்கொண்டிருக்கிறது.

தொடக்கத்திலிருந்தே இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சவேரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் ஃபாதர் சூசைமாணிக்கம். சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் வேதக்காரத் தமிழர் வீடுகளில் அவர் படம் இல்லாத சுவர் அபூர்வம். அடுத்தவள் புனிதா. கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்றே காலத்தைக் கழித்தவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் அவளுக்கு அமையவில்லை. இப்போது மம்பாவ் வீட்டில் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள். கடைக்குட்டி லூர்து, மனைவி ரோகினியோடு அம்பாங்கானில் இருக்கிறான்.

போன வருஷம் இதே நாளில் ஃபாதர் மாலைப் பூசையை முடித்துவிட்டு, உடுப்பு மாற்றப் போன அறையிலேயே சாய்ந்து உயிரை விட்டார். அந்த வாரம் சவேரியம்மா இருதயக் கோளாறோடு மருத்துவமனையில் கிடந்தாள். அதிர்ச்சியான சேதி எதுவும் அவள் காதில் விழக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். "சாமி எங்கடி?" என்று அம்மா கேட்டபோது லூர்து சுவரைப் பார்த்தான். புனிதாதான் வாயைத் திறந்தாள்.

"சாமியை ஆயர் ரோமாபுரிக்கு அனுப்பிட்டாரும்மா. அவசரமா."

அறுபது தாண்டிய சாமியாரை ரோமாபுரிக்கு எதற்காக அவசரமாக அனுப்புவார்கள் என்று சவேரியம்மா கேட்கவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கென்று சொன்ன பொய் அது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாசலிலேயே கெஞ்சி, நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொண்டுவரும் புதுச் சாமியாரையும் சம்மதிக்க வைத்து, வருஷம் திரும்பியும் இறக்கி வைக்க இடம் இல்லாமல் அந்தப் பொய்யைப் புனிதா சுமந்துகொண்டு நிற்கிறாள்.

இன்றைக்கு ஃபாதரின் முதலாண்டு நினைவுப் பூசை. அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலில், சாயங்காலம். அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்து தொலைத்தது.

ஆகவே, இன்றைக்கும் ஃபோன் 'வந்தது'.

"அங்க ரொம்பக் குளிராம்மா. ரெண்டு கம்பளிச் சட்டை போட்டிருக்காராம்."

"சோறு?"

"ரசம் வெச்சாராம். பக்கத்து ரூம் வெள்ளக்காரச் சாமியாரு ஒரு வாய் குடிச்சிட்டு ஒரு மணி நேரம் இருமுனாராம்."

சவேரியம்மா பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். இந்த ரசக் கதையைப் புனிதா நேற்று துணி மடிக்கும்போது யோசித்து வைத்திருந்தாள். அவள் கோலாலம்பூரைத் தாண்டிப் போனதில்லை. ரோமாபுரியில் மழையா வெயிலா என்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வாள். மற்றதையெல்லாம் அண்ணனின் சுபாவத்தை வைத்துக் கட்டிவிடுவாள். அண்ணன் இருந்திருந்தால் அப்படித்தான் ரசம் வைத்திருப்பார். அந்த வெள்ளைக்காரரும் இருமியிருப்பார்.

"ஒண்ணு கேளு" என்றாள் சவேரியம்மா.

"என்னம்மா?"

"அவன் கையில இன்னும் அந்தத் தைல வாசனை இருக்கான்னு கேளு."

புனிதாவுக்குச் சுருக்கென்றது. ஃபோனை வாயருகே கொண்டுபோய் உதட்டை அசைத்தாள். யாரிடமோ கேட்பதுபோல் காத்திருந்தாள்.

"இருக்குதாம்மா."

"ம்ம். இருக்கும்" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து சவேரியம்மா பெற்ற மகனை 'சாமி' என்றுதான் சொல்லுவாள். இன்றைக்கு 'அவன்' என்றாள். புனிதா அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க அவளிடம் தெம்பு இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லூர்துவும் ரோகினியும் காடியில் வந்து இறங்கினார்கள். ரோகினி இங்கேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது, அக்காளும் தம்பியும் பூசைக்குப் போய்வருவது என்று ஏற்பாடு. லூர்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, துணிய எடுத்து வெச்சிட்டியா?"

போன வாரம் அவன் செய்துவிட்டு வந்த காரியம் நினைவிருக்கும். பங்குப் பேரவைத் தலைவர் பெலவேந்திரன் சபையைக் கூட்டி, ஃபாதரின் நினைவாகச் சிரம்பான் கோயிலில் கண்ணாடிப் பேழை வைக்கப்போகிறோம், அதில் அவருடைய குருப்பட்டத் துணியை வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். யாரையும் கேட்காமல் லூர்து எழுந்து, "அது எங்க வீட்டுலதான் இருக்கு, தரோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். சபை கைதட்டியது. கைதட்டல் என்றால் லூர்துவுக்குத் தலைகால் புரியாது.

சாதாரணத் துணி இல்லை அது. பட்டம் கொடுக்கும்போது ஆயர் புதுச் சாமியாரின் உள்ளங்கைகளில் தைலம் பூசுவார். அந்தத் தைலத்தைத் துடைத்த வெள்ளைத் துணியைப் புதுச் சாமியார் தன் தாயிடம் கொடுப்பார். அதைத் துவைக்கக்கூடாது. தாய் பத்திரப்படுத்தி வைத்திருந்து, சாகும்போது தன் கைகளில் கட்டிக்கொண்டு போக வேண்டும். பூமியில் எனக்காக என்ன விட்டுவிட்டு வந்தாய் என்று மேலே கேட்பார்களாம். அப்போது வாயைத் திறக்க வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும்.

பட்டத்தன்று சவேரியம்மா அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதது புனிதாவுக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "இனி எனக்குச் சாவு பயம் இல்ல" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"அது அம்மா கைக்குடா. பேழைக்கு இல்ல."

"சும்மா பொட்டிக்குள்ள கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு, நாலு பேரு தொட்டுக் கும்பிடட்டுமே லா."

"அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்போ எடுத்துக்குவோம். கண்ணாடிதானே, தொறக்காதா என்ன?"

சண்டை போட வேண்டும் என்று புனிதாவுக்குத் தெரிந்தது. ஆனால் சண்டைக்கும் தெம்பு வேண்டும். இன்றைக்கு ஒரு நாள் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வந்துவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அம்மாவின் ஜெபமாலையோடு தொங்கும் சாவியை எடுத்தாள். அம்மா அறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதுபோல் இருந்தாள்.

கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள். மேலே கலியாணச் சேலை, அதற்கடியில் அப்பாவின் சட்டை ஒன்று, அதற்கடியில் பிஸ்கட் டின். டின்னைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு பூச்சி உருண்டைகள் கிடந்தன. துணியைக் காணோம்.

பெட்டியைக் கவிழ்த்தாள். சேலையை உதறினாள், சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். அம்மா நாளைக்கே கண்ணை மூடினால், வெறும் கைகளைச் சேர்த்துக் கட்டி எப்படி அனுப்புவது? அவள் வாழ்க்கையில் சேர்த்து வைத்தது அது ஒன்றுதானே.

"என்னக்கா?" என்று லூர்து எட்டிப் பார்த்தான். டின்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. "ஐயோ, பெலவேந்திரன் கூட்டத்துல கேப்பாரே லா!"

அவனுக்கு அந்தக் கவலை.

புனிதா அடுப்படிக்குப் போனாள். ரோகினி குழாயைத் திறந்துவிட்டு சாப்பிட்ட மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரோகினி லோபாக் பக்கத்துப் பிள்ளை. மாரியம்மன் கோயில், தைப்பூசம், காவடி என்று வளர்ந்தவள். கலியாணத்துக்கு முன்னால் ஃபாதரே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, "எங்க வீட்டுக்கு நல்ல புள்ள வந்திருக்கு" என்றார். ஃபாதர் சொன்னது சரி, ஆனால் புனிதாவுக்கு மனசு ஒட்டவே இல்லை. வீட்டுப் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட ரோகினியை விட்டதில்லை.

"அம்மா பொட்டிய நீ தொறந்தியா?"

ரோகினி குழாயை மூடவில்லை. "ஏங்க்கா?"

"துணியக் காணோம். சாமியோட துணி. நீ துடைக்க கிடைக்க எடுத்துப் போட்டியா? அதோட அருமை பொறந்ததுலேர்ந்து வேதத்துல இருக்குறவங்களுக்குத்தான் தெரியும். உன்னைச் சொல்லியும் குத்தம் இல்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான வார்த்தை என்று உறைத்தது. ரோகினி மங்கைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"நேரமாச்சுக்கா. மொதல்ல பூசைக்குப் போயிட்டு வாங்க. அத்தையை நான் பாத்துக்கிறேன்."

அவர்கள் பிறந்து வளர்ந்த டன்மோர் ரப்பர் தோட்டத்தில் இப்போது தோட்டத்து ஆட்கள் இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். சனம் மம்பாவ், லோபாக், அம்பாங்கான் என்று சிதறிப் போய்விட்டது. அந்தோனியார் கோயிலை மட்டும் நிர்வாகம் தொடாமல் விட்டு வைத்திருக்கிறது. தகரக் கூரை, ஒரு மணி, நாலு பக்கமும் செம்பனை. வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குத் திறப்பார்கள். இன்றைக்கு ஃபாதருக்காகத் திறந்திருந்தார்கள்.

கூட்டம் கூடாரத்தையும் தாண்டி மரத்தடி வரைக்கும் நின்றது. வாசலில் ஆளுயரப் படத்தட்டி. அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'முதலாம் ஆண்டு நினைவு', அதற்கும் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. புனிதா அதை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனாள்.

பூசை முடிந்தது. பிறகு ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து நினைவுகளைச் சொன்னார்கள்.

"ஃபாதர் பிரசங்கம் அஞ்சு நிமிசத்துக்கு மேல போகாது" என்றார் தோட்டத்தில் ஆள் மேய்த்த பழைய மண்டோர் ஒருவர். "நீங்க விடியக்காலம் எந்திரிச்சவங்க, நான் நீட்டுனா நீங்க தூங்குவீங்க, எனக்குக் கோவம் வரும், அப்புறம் நான் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் தேடணும்பாரு."

கூட்டம் சிரித்தது.

"எங்க மாமியாருக்குச் சாகுற வயசு வரைக்கும் செவப்பு ஐசிதான், குடியுரிமை இல்ல" என்றாள் ஒரு பெண். "ஃபாதருதான் அவங்கள மோட்டார்ல பின்னால ஏத்திக்கிட்டு ஆபீசு ஆபீசா அலைஞ்சாரு. கடைசியில நீல ஐசி வந்தன்னிக்கு எங்க மாமியாரு அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவத்தி, ஃபாதருக்கு ஒரு கோழின்னு கொண்டுபோனாங்க. அந்தோனியாரு வாங்கிக்கிட்டாரு. ஃபாதரு கோழியத் திருப்பிக் குடுத்துட்டாரு."

புனிதா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் அழுதார்கள், சிரித்தார்கள். அவளுக்கு இரண்டும் வரவில்லை. அவள் அண்ணனுக்காக இன்னும் ஒருமுறைகூட ஆற அமர அழவில்லை. வீட்டில் அழ முடியாது. அழுத முகத்தை அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அழுகையைத் தள்ளித் தள்ளி வைத்து, அதை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் போய்விட்டது.

பெலவேந்திரன் எழுந்தார். பக்கத்து மேசையில் வெள்ளைச் சாட்டின் விரித்த கண்ணாடிப் பேழை திறந்தபடி இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஃபாதருக்குத் தேவ அழைத்தல் வந்த கதையைச் சொன்னார். பிஞ்சு வயதில், விடிவதற்கு முன்னால், பால்மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் இறங்கியதாம். மைந்தா என்று ஒரு குரல் கேட்டதாம்.

மரம் சீவப் போகிறவர்கள் தலையில் கட்டும் விளக்கைத் தவிர அந்த இருட்டில் வேறு வெளிச்சம் எதுவும் இறங்கியதில்லை என்று புனிதாவுக்குத் தெரியும்.

"இப்பொழுது, நம் ஃபாதரின் அருமைத் தங்கை இரண்டு வார்த்தை பேசுவார். அதைத் தொடர்ந்து, குடும்பத்தார் பரிசுத்தத் துணியை நம்மிடம் ஒப்படைப்பார்கள்."

லூர்து தரையைப் பார்த்தான். புனிதா எழுந்து மைக்கிடம் போனாள். துணி காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தாள். ஆனால் வாயில் வேறு வந்தது.

"வெளிச்சமெல்லாம் ஒண்ணும் வரலீங்க" என்றாள்.

பெலவேந்திரனின் முகம் மாறியது.

"அது மழைக்காலம். கீழ் லயத்துல ஒரு பச்சப்புள்ள செத்துப்போச்சு. ஆத்துல வெள்ளம், டவுன்லேர்ந்து சாமியாரு வர முடியல. எங்க தோட்டத்து உபதேசியாரும் ஜொரத்துல கெடக்காரு. அந்தத் தாய் புள்ளயத் துணியில சுத்தி மடியில வெச்சிக்கிட்டு, பாதையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எங்க அண்ணன் அப்போ சின்னப் பையன். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாத்தாரு. அப்புறம் உபதேசியாரு வீட்டுக்கு ஓடி, ஜெபப் பொஸ்தகத்த வாங்கியாந்து, அவரே நின்னு ஜெபம் சொன்னாரு. படிக்கத் தெரியாத வார்த்தைக்கெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னாரு. தொண்டையே கட்டிப்போச்சு. திரும்பி வரும்போது நான் கேட்டேன், 'ஏண்ணே நீ போனே? உன்னை யாரு கூப்பிட்டா?'ன்னு."

அவள் நிறுத்தினாள். அந்த ஈரப் பாதையும் அண்ணனின் கட்டிப்போன குரலும் அப்படியே திரும்பி வந்தன.

"'யாராச்சும் வரணும்ல'ன்னாரு. அவ்வளவுதான். அவருக்கு வந்த தேவ அழைத்தல் அதுதாங்க. சாமியாராகி எங்க போனாலும் அதையேதான் சொன்னாரு. ராத்திரி கூப்பிட்டாலும், மழையில கூப்பிட்டாலும், ஏன் ஃபாதர் இவ்ளோ கஷ்டம்னு கேட்டா, யாராச்சும் வரணும்லன்னு மோட்டார எடுப்பாரு."

அப்போது செம்மண் பாதையில் ஒரு வேன் வந்து நிற்பது எல்லாருக்கும் கேட்டது.

பக்கத்து வீட்டு முனியாண்டியின் பள்ளிக்கூட வேன் அது. முனியாண்டி இறங்கிப் பின்கதவைத் திறந்தார். ரோகினி குதித்து இறங்கினாள். பிறகு இரண்டு பேருமாகச் சக்கர நாற்காலியை இறக்கினார்கள். நாற்காலியில் சவேரியம்மா. மகனின் பட்டத்துக்குக் கட்டிய நீலக்கரை வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள்.

நாற்காலி நேராகப் படத்தட்டியை நோக்கி வந்தது.

புனிதா மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். அது கீழே விழுந்து ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோனது. தட்டியைப் பிடுங்கப் பார்த்தாள், கம்பியால் கட்டியிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் அதற்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் அகல விரித்து, இறந்த தேதியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது. இதெல்லாம் எதற்கு என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"ஏண்டி இப்படிக் கைய விரிச்சிக்கிட்டு நிக்கிற? கோழியா புடிக்கிற?" என்றாள் சவேரியம்மா.

"சும்மாதாம்மா." புனிதா மூச்சு வாங்க, அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினாள். "சாமிக்காக ஒரு பூசை வெச்சாங்க. ரோமாபுரியில சுகமா இருக்கணும்னு. வாம்மா, இருட்டப்போகுது, வீட்டுக்குப் போயிடலாம். ஏய் ரோகினி, உனக்குப் புத்தி இருக்கா? அம்மாவை ஏன் இங்க..."

"நான்தான் கூட்டியாரச் சொன்னேன். நகரு."

"அம்மா, வேண்டாம்மா."

"நகருடி. எம்புள்ள மொகத்த நான் பாக்கணும்."

வற்றிப்போன அந்தக் கை புனிதாவின் இடுப்பைப் பிடித்து ஒதுக்கியது. அதில் பலமே இல்லை. ஆனாலும் புனிதா நகர்ந்துவிட்டாள். நகர்ந்த இடத்திலேயே மண்டியிட்டு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னது மண்டைக்குள் ஓடியது. இதோ, இந்த நிமிஷத்தில் அம்மாவின் நெஞ்சு நின்றுவிடப் போகிறது. ஒரு வருஷம் சுமந்ததெல்லாம் இந்தப் புல் தரையில் கொட்டிப் போகப் போகிறது.

சவேரியம்மா தட்டியைப் படித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தாள். பெயரைப் படித்தாள். பிறந்த தேதியைப் படித்தாள். அடுத்த வரியையும் படித்தாள்.

"தேதி சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.

புனிதா தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா?"

"ரோமாபுரிக்குப் போறவன் பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போவானா? ஆஸ்பத்திரியில எனக்கு நன்மை குடுக்க வேற சாமியாரு வந்தாரே, அன்னிக்கே தெரிஞ்சி போச்சு. நீ வேற மூஞ்சி வீங்கிப் போயி வந்து நின்ன. தம்பி செவுத்தப் பாத்தான். இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?"

புனிதாவின் கண் தன்னையறியாமல் ரோகினியிடம் போனது. ரோகினி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"அத்தைதாங்க்கா சாவியக் குடுத்தாங்க" என்றாள் மெதுவாக. "ஃபாதரப் பார்வைக்கு வெச்சிருந்த அன்னிக்கு, நான் அத்தைகூட வார்டுல இருந்தேன்ல. துணிய எடுத்துட்டுப் போயி அவரு கையில சுத்தச் சொன்னாங்க. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது?"

புனிதாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சவப்பெட்டியில் அண்ணனின் கைகளை அவள் முத்தமிட்டிருக்கிறாள். ஜெபமாலைக்கு அடியில் பழுப்பேறிய வெள்ளைத் துணி ஒன்று சுற்றியிருந்தது. சாமியார்களை அடக்கம் செய்யும்போது அப்படித்தான் கட்டுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். அதன்மேல்தான் நெற்றியை வைத்திருந்தாள். ஏதோ ஒரு வாசனை வந்ததுகூட நினைவிருக்கிறது. மத்தியானம் அடுப்படியில் ரோகினியிடம் தான் சொன்ன வார்த்தையும் கூடவே நினைவுக்கு வந்து, அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செய்தது.

"அது உன் கைக்கும்மா" என்று அம்மாவின் வலது காதருகே போய்ச் சொன்னாள். "நீ கொண்டுபோயிக் காட்ட வேண்டியது."

"நான் முன்ன போயிருந்தா நான் காட்டியிருப்பேன். அவன் முந்திக்கிட்டான். எம்புள்ளய வெறுங்கையோட அனுப்புவேனா?" சவேரியம்மா தட்டியில் சிரிக்கும் முகத்தையே பார்த்தாள். "நான் போறப்ப வாசல்ல அவன் வந்து நிப்பான். அடையாளம் சொல்ல யாராச்சும் வரணும்ல."

அப்போதுதான் புனிதாவுக்கு அழுகை வந்தது. அண்ணனுக்காகவா, தனக்காகவா என்று தெரியாத அழுகை. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தன. புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற எண்ணம்கூட இல்லாமல் அழுதாள். லூர்து பக்கத்தில் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கழன்றுபோன செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்தான்.

"முடியலம்மா" என்று கத்தினாள் புனிதா. "வாரா வாரம் என்ன சொல்றதுன்னு யோசிச்சி யோசிச்சி, நான் களைச்சிப் போயிட்டேம்மா."

"தெரியும். நீ சொல்லிச் சொல்லிக் களைச்சிப் போன. நான் நம்புற மாதிரி இருந்து இருந்து களைச்சிப் போனேன்."

"தெரிஞ்சிக்கிட்டே ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த ஃபோனத் தூக்கிப் போட்டிருப்பேனே?"

அதற்குள் மைக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டே பெலவேந்திரன் அவர்களிடம் வந்தார். "அம்மா வந்தது ரொம்பச் சந்தோஷம். துணிய அம்மா கையாலயே பேழையில வெச்சிட்டா இன்னும் நல்லாருக்கும். சனம் காத்துக்கிட்டிருக்கு" என்றார். கூடாரத்துக்குள் மேசைமேல் கண்ணாடிப் பேழை காலியாகத் திறந்திருந்தது.

சவேரியம்மா மகளைக் கிட்டே வரும்படி சைகை காட்டினாள். புனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியருகே நகர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அம்மாவிடம் செய்வதைப்போல, இன்றைக்கு அம்மா அவள் காதருகே குனிந்தாள். மற்ற யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமயும் சூசை ஃபோன் பண்ணுவானா?"